பீமாவுக்குக் கொடுத்த மீன் பணிஸ்

குட்ஷெட் பஸ் நிலையத்தில் நிற்கும்போது பேக்கரியிலிருந்து மீன் பணிஸ் வாசம் வந்தால் இன்றும் நான் தள்ளிப்போய் நிற்பேன். பணிஸ்மேல் குற்றமில்லை, என்மேல்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பல்லேகலயில் ஒரே வளவுக்குள் நானும், என்னோடு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்த சிவாவும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருந்தோம். அவன் வளர்த்த நாய் பீமா. தோசா என்ற ஜப்பான் இனம், கன்றுக்குட்டி அளவு உடம்பு. விடியற்காலையில் வாய்க்கூடு மாட்டி, தடித்த வாரைக் கையில் சுற்றிக்கொண்டு நடத்திப் போவான். பள்ளிப் பிள்ளைகள் எதிரே வந்தால் ஓரமாக உட்காரச் சொல்வான், உட்கார்ந்துவிடும். எனக்கு வயிறு எரியும். கடையில் என் பேச்சை ஒருவரும் கேட்பதில்லை, இவனுக்கு மட்டும் இப்படி ஒரு மலை அடங்கி உட்காருகிறதே என்று.

"மச்சான், நான் வைக்கிறதத் தவிர வேற யாரும் அதுக்கு ஒன்னும் குடுக்கக் கூடாது. பழகிட்டா ஆளப் பாத்து பாயும்" என்றான் ஒருநாள்.

தெருநாய்க்குப் பாதிப் பாணைப் பிய்த்துப் போட்டே வளர்ந்தவன் நான். அவன் பெருமை பேசுகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, அவன் அறை முற்றத்துக் கேற்றுக்கு மேலால் தினமும் ஒரு பணிஸ் கொடுத்தேன். பீமா முன்கால்களைக் கேற்றில் தூக்கி வைத்து வாங்கும். என்னைக் கண்டால் வாலாட்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சித்திரை வருசத்துக்கு நாங்கள் நோனா என்று கூப்பிடும் வீட்டுக்காரச் சிங்கள அம்மா வழக்கம்போலப் பலகாரத் தட்டைத் துணியால் மூடிக்கொண்டு வந்து, கேற்றுக்கு மேலால் நீட்டினார். பீமா பாய்ந்ததில் கேற்றின் கொண்டி தெறித்து, நோனா கீழே விழுந்தார். கடிக்கவில்லை. ஆனால் கை முறிந்துவிட்டது.

"நாய வளத்தவன் நான், பொறுப்பும் எனக்குத்தான்" என்று சிவா எல்லோரிடமும் சொன்னான். நான் வாயே திறக்கவில்லை. தெல்தெனியப் பக்கம் இந்த இனத்தை வளர்த்துப் பழகிய ஒருவரிடம் பீமாவைக் கொடுப்பதென்று முடிவானது.

வேன் வந்தது. சிவா கூப்பிட்டான். பீமா அவனிடம் போகாமல் நேரே என்னிடம் வந்து, முன்கால்களை என் நெஞ்சில் வைத்து, கையை முகர்ந்து தேடியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நொடியில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சிவா பார்த்துக்கொண்டே நின்றான்.

"எவ்வளவு நாளா?"

"ஒரு மாசமா இருக்கும்."

அவன் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அடுத்த வாரமே அறையைக் காலி செய்துகொண்டு போனான், கடையையும் விட்டுவிட்டான்.

வளவில் இப்போது மாடிக் கட்டடம். பீமாவின் ஆயுளும் முடிந்திருக்கும். அதற்குப் பிறகு சிவா நாயே வளர்க்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அவன்மேல் பொறாமைப்பட எனக்கு இனி ஒன்றும் மிச்சமில்லை.