எட்டாவது பந்து

முதலில் மரத்துப்போனது வலதுகைச் சுண்டுவிரல். பல் துலக்கும்போது பிரஷ் நழுவியது. கையை மடக்கிப் படுத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் நழுவியது.

அப்போது கல்லூரியில் கடைசி வருடம். பேஸ்பால் அணியில் நான் பிட்ச்சர், அதாவது மட்டைக்காரனை நோக்கிப் பந்தை எறிபவன். கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டிலிருந்து நான் எறிந்ததைப் பார்த்துவிட்டு உடற்கல்வி ஆசிரியர் இந்த ஆட்டத்துக்கு இழுத்து வந்திருந்தார். ஆனைக்குட்டத்தில் என் வீட்டாருக்கு அதன் பெயரே வாயில் நுழையவில்லை. துபாயில் ஒரு தொழில்முறை லீக்குக்கு ஆள் எடுக்கிறார்கள், மூன்று மாதத்தில் தேர்வு என்று செய்தி வந்த வாரம்தான் விரல் மரத்தது.

என் பந்துகளைப் பிடிக்கும் கேட்ச்சர் விஸ்வநத்தத்துக்காரன். அவன் அம்மா அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார். ஒருநாள் மதியப் பயிற்சியின்போது தொலைவில் டும்மென்று ஒரு சத்தம். எல்லோரும் அப்படியே நின்றோம். அவன் ஊர்ப்பக்கம் வெள்ளைப் புகை எழுந்தது. அவன் ஓடிப்போய் அம்மாவுக்குப் போன் போட்டான். மூன்றாவது முறைதான் எடுத்தார். வேறு கம்பெனியாம். ஓர் அறை தரைமட்டம். ஆட்கள் சாப்பிடப் போயிருந்த நேரம்.

அவன் உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டான்.

“ஒம் பந்து பத்து நாளா தாழ்ந்து வருது. கை வலிக்கா?”

இல்லை என்றேன்.

“எங்க ஊர்ல வெயில் ஏறுனா மருந்து வெடிச்சிரும்னு தெரிஞ்சும், இந்த ஆர்டர் முடியட்டும்னு உக்காந்திருப்பாக. நீயும் அப்பிடித்தாம்லே இருக்க. நான் சார்ட்ட சொல்லப்போறேன்.”

சொன்னால் உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றேன். அவன் சொல்லவில்லை.

அதன்பின் பயிற்சிக்கு முன் மாத்திரை, முடிந்ததும் ஐஸ். நான் இடதுகையால் டம்ளர் எடுப்பதைப் பார்த்த அம்மா, “கையில என்னய்யா?” என்றாள். சுளுக்கு என்றேன். விரலின் மரப்பு முழங்கைவரை ஏறியிருந்தது; அதற்குள் ஏதோ நூல் நூலாகப் பிரிவது எனக்குத் தெரிந்தது. தெரிந்தேதான் எறிந்தேன். தேர்வும் ஆனேன்.

துபாயில் நான் ஆடியது மூன்றே ஆட்டம். முதல் ஆட்டத்தில் இரண்டு பேரை அவுட்டாக்கினேன்; ஊரில் போனில் பார்த்தார்களாம். இரண்டாவதில் பந்து எங்கே போகிறது என்று எனக்கே பிடிபடவில்லை. மூன்றாவதில், எட்டாவது பந்தை எறியும்போது முழங்கைக்குள் டக்கென்றது. பந்து பாதி வழியில் விழுந்து உருண்டது. என் கை கீழே தொங்கியது.

தசைநார் இன்றைக்கு அறுந்ததல்ல, மாதக்கணக்காகக் கிழிந்துகொண்டிருந்திருக்கிறது என்றார் ஸ்கேன் பார்த்த டாக்டர். கூட ஆடுகிறவர்கள் யாருமா கவனிக்கவில்லை என்று கேட்டார்.

மதுரை விமான நிலையத்துக்கு விஸ்வநத்தத்துக்காரன்தான் வந்தான். பையை வாங்கிக்கொண்டான். பஸ் விருதுநகரைத் தாண்டியது.

“நான் அன்னைக்கே சார்ட்ட சொல்லிருக்கணும்லே” என்றான்.

தடுத்தது நான்தானே என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. ஆபரேஷன் முடிந்து, திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் லோடு அனுப்பும் வேலைக்குச் சேர்ந்து, ஒரு காலண்டர் சீசன் கழிந்த பிறகுதான் அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். விடுலே என்றான். நான் துபாய் போன வாரத்திலிருந்தே அவன் மைதானத்துப் பக்கம் போகவில்லை என்பதை அன்று அவன் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.