ஞாயிற்றுக்கிழமை வீடு

எங்கள் அத்தைக்கு வாயில்லை என்று சொல்கிறவர்கள் அவள் காய்கறிக் கடையில் பேரம் பேசிக் கேட்டதில்லை. தெருமுனை வரைக்கும் கேட்கும். ஆனால் ஒருவர் விஷயத்தை இன்னொருவரிடம் சொல்வது என்று வந்துவிட்டால் உதடு ஒட்டிக்கொள்ளும். அத்தை தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். எண்ணைச் சொன்னால் கையால் இணைப்புக் கொடுத்த காலம் அது. எந்தக் கல்யாணம் நிற்கப் போகிறது, எந்தக் கடை திவாலாகப் போகிறது, எந்தப் பையன் யாரோடு ஓடப் போகிறான் என்பதெல்லாம் அவள் கைவழியாகத்தான் போயின. ஒன்றுகூட வெளியே கசிந்ததில்லை. "லைன் போட்டோமா, காதை எடுத்தோமான்னு இருக்கணும்" என்பாள்.

அந்தப் பழக்கத்தை வேலையோடு அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தால் சரி. அத்தை அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். கட்டின புருஷனைக்கூட ஒரு கேள்வி கேட்க மாட்டாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் ஒட்டுக்கேட்ட மாதிரியாம். எனக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். நான் வேறு ரகம். என் வீட்டுக்காரர் தெருவில் இறங்கி நாலு அடி வைத்தால் மூன்று கேள்வி கேட்பேன்.

மாமா கார் மெக்கானிக். சொந்தமாக ஒரு சின்னப் பட்டறை வைத்திருந்தார். வாரம் முழுக்க அங்கே கிடப்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கைகழுவியதும் பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு வெளியே போவார். விளக்கு வைத்த பிறகுதான் வருவார். வந்ததும் நேராகப் பின்பக்கக் குழாயடி. எங்கே போனார் என்று அவரும் சொன்னதில்லை, அத்தையும் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம், மகளைக் கட்டிக்கொடுத்து அவள் வெளிநாடு போன பிறகும் நிற்கவில்லை.

ஆனால் அத்தைக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் நிலையத்தில் யாருடைய லைனையோ சரிபார்த்துக்கொண்டிருந்தபோது குறுக்கே இன்னொரு பேச்சு வந்து விழுந்தது. மாமாவின் குரல். "கறுப்பிக்கு இன்னும் மூச்சு முட்டுது. பெரியவ பரவாயில்ல. ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறேன், அதுவரைக்கும் யாரும் அவ மேல கை வைக்க வேணாம். வீட்டுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்." அத்தை காதை எடுத்துவிட்டாள். அந்த ஒரே ஒரு தடவைதான் காதை எடுக்கத் தாமதித்தாள். அதற்கான தண்டனையை இருபது வருஷத்துக்கு மேல் அனுபவித்தாள்.

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. போன மழைக்காலத்தில் மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. எழுந்து உட்காரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று, இன்னொன்றும் போயிற்று. மனிதர் கூரையைப் பார்த்துக்கொண்டு தவியாய்த் தவித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் அடுத்த தெருவில்தான் இருக்கிறேன், கார் ஓட்டுவேன்.

அத்தை சமையலறையில் இருந்தாள். மாமா தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சாவியை எடுத்து என் கையில் திணித்தார்.

"அத்தைக்குத் தெரிய வேணாம். மேட்டுத் தெருவுல பழைய கிளினிக் இருக்குல்ல, அதுக்குப் பின்னால ஒரு பெரிய கதவு. திறந்து கொஞ்சம் காத்து விட்டுட்டு வா. இந்த ஈரத்துல என்ன ஆனாளுங்களோ. பெரியவளைத்தான் முக்கியமா…"

அதற்குள் அத்தை மாத்திரையும் தண்ணீருமாக வந்து நின்றாள். மாமா கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறவர் போல நடித்தார். நடிப்பு வராத மனிதர். ஆனாளுங்களோ என்றால்? எத்தனை பேர்?

வாசலில் காரை எடுக்கப் போனேன். அத்தை எனக்கு முன்னால் அங்கே நின்றிருந்தாள். ஒரு கையில் துணிப்பெட்டி, இன்னொரு கையில் சாப்பாட்டுத் தூக்கு.

"நானும் வரேன்."

"எங்க அத்தை?"

"நீ போற இடத்துக்குத்தான். அவர் உன்னைக் கூப்பிட்டு அனுப்பினப்பவே தெரிஞ்சுபோச்சு."

பெட்டியை எடுத்துப் பின்னால் வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு தொலைபேசியில் எண் சொல்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக எல்லாவற்றையும் சொன்னாள். குறுக்கே விழுந்த பேச்சு, கறுப்பி, பெரியவள், ஞாயிற்றுக்கிழமைகள். வீட்டில் இருந்த நல்ல நல்ல போர்வைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. என் அப்பா அவளுக்கு உடன்பிறந்த தம்பி, அவருக்கே ஒரு வார்த்தை தெரியாது. நான் நடு ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டேன். பின்னால் வந்தவன் ஹாரனை அழுத்தினான்.

"இத்தனை வருஷம் எப்படி அத்தை சும்மா இருந்தீங்க? நானா இருந்தா அந்த மனுஷனை உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பேன்."

"கேட்டா ஆமான்னு சொல்லிடுவாரோன்னு பயம். வண்டியை எடு."

"இந்தச் சாப்பாடு யாருக்கு?"

"ரெண்டு வாரமா இவர் போகல. யார் பாத்துக்குவாங்க அவங்களை? ஒருத்திக்கு மூச்சுத் தொந்தரவு வேற." கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கொடுத்துட்டு, முகத்தை ஒரு தடவை பாத்துட்டு, வந்துடலாம். திரும்பும்போது என்னை உங்கப்பா வீட்டுல இறக்கி விட்டுடு. இனிமே அந்த வீட்டுக்கு நான் வரமாட்டேன். நர்ஸுக்கு ஏற்பாடு பண்ணியாச்சு."

சக்களத்திக்குச் சோறு கட்டிக்கொண்டு போகிற பெண்ணை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குக் கோபமும் வந்தது. அழுகையும் வந்தது.

பழைய கிளினிக் என்று மாமா சொன்னது பல் டாக்டருடையது. ஊரில் பாதிப் பேருடைய பல்லை அவர்தான் பிடுங்கியிருப்பார். இரண்டு வருஷம் முன்னால் இறந்துபோனார், அதிலிருந்து கிளினிக் பூட்டிக் கிடந்தது. "இவருமா உடந்தை?" என்றாள் அத்தை. பின்பக்கச் சந்தில் தகரக் கதவு ஒன்று இருந்தது. அத்தை தூக்கைத் தரையில் வைக்காமல் பிடித்துக்கொண்டு தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். நான் பூட்டைத் திறந்தேன்.

உள்ளே இருட்டு, எண்ணெய் வாசனை. ஆள் அரவம் இல்லை. கதவை நன்றாகத் தள்ளியதும் வெளிச்சம் உள்ளே போய் விழுந்தது. அத்தையின் போர்வைகள்தான் முதலில் தெரிந்தன. நீலப்பூப் போட்டது, கட்டம் போட்டது, மகள் பிறந்தபோது வாங்கியது. எல்லாம் பெரிய பெரிய உருவங்களைப் போர்த்திக்கொண்டு வரிசையாக நின்றன.

நான் ஒன்றை இழுத்தேன். கறுப்புக் கார். வளைந்த மட்கார்டு, உருண்டையான இரண்டு விளக்குகள், கதவுக்குக் கீழே கால் வைத்து ஏறுவதற்கு நீளமான பலகை. எங்கள் தாத்தா காலத்துப் புகைப்படங்களில் மட்டும் பார்த்திருக்கும் வண்டி. சக்கரங்கள் தரையில் படாதபடி மரக்கட்டை மேல் ஏற்றி வைத்திருந்தது. தூசி இல்லை. என் முகம் அதில் தெரிந்தது. அடுத்த போர்வையை இழுத்தேன், பால் நிறத்தில் ஒன்று, கல்யாண ஊர்வலமே உள்ளே உட்காரலாம் என்கிற அளவுக்கு நீளம். அதற்கப்பால் சிவப்பில் ஒரு பொடியன். ஒரு மூலையில் முன்சக்கரம் இல்லாத ஒன்று. ஏழோ எட்டோ இருக்கும். ஓரமாக இரண்டு நாற்காலிகள், இரண்டு டம்ளர்கள், மெழுகு டப்பாக்கள்.

அத்தை கறுப்புக் காரின் முன்னால் போய் நின்றாள்.

"இவதான் கறுப்பியா?"

"அப்படித்தான் தெரியுது அத்தை."

"மூச்சு முட்டுதுன்னாரே?"

"கார்புரேட்டர் அடைச்சிருக்கும்."

அத்தை அந்தப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று ஓடினேன், சிரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு நிஜமாகவே அழுதாள். அதுவும் நின்ற பிறகு, "பசிக்குதுடி" என்றாள். பால் நிற வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, சக்களத்திக்குக் கொண்டுவந்த சாப்பாட்டை நாங்கள் இரண்டு பேரும் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றோம். அந்த மாதிரி ருசியாக நான் சாப்பிட்டதில்லை.

எல்லாம் முடிந்தது, பெட்டியை உள்ளே எடுத்துப் போக வேண்டியதுதான் என்று நான் நினைத்தேன். ஆனால் தூக்கைக் கழுவும்போதே அத்தையின் முகம் மாறிவிட்டது. "காரை ஏன்டி ஒளிக்கணும்?" என்றாள். வீட்டு வாசலில் பெட்டியை எடுக்கப் போனேன். "அது அங்கயே இருக்கட்டும்" என்று உள்ளே போனாள்.

மாமாவின் பக்கத்தில் நின்று சாவியைப் படுக்கைமேல் போட்டாள். மாமாவுக்கு உயிர் போய் வந்தது.

"பாத்துட்டியா?"

"பாத்தேன். எல்லாரும் சௌக்கியம். சொல்லுங்க."

மாமா சொன்னார். பல் டாக்டருக்குப் பழைய கார் என்றால் பைத்தியம். வாங்கி வாங்கிக் குவித்தார். இன்னொரு கார் வாங்கினால் நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று அவர் மனைவி சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் விற்றுவிட்டேன் என்று டாக்டர் பொய் சொன்னார், கிளினிக்கின் பின்கட்டை யாருக்கோ வாடகைக்கு விட்டதாக இன்னொரு பொய். மாமாவைக் கூட்டிப்போய்க் காட்டினார். மாமாவும் அதே பைத்தியம் என்பதை டாக்டர் எப்படியோ கண்டுபிடித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் சேர்ந்து துடைப்பார்கள், பழுது பார்ப்பார்கள், ஓட்ட முடியாத வண்டிகளில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்.

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

மாமா தயங்கினார். "டாக்டர் ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டார். உன் வீட்டுக்காரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருக்கா, அவ காதுல விழுந்தா ஊர் முழுக்க விழுந்த மாதிரி, அவளுக்கு மட்டும் தெரியக்கூடாதுன்னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

"என் பொண்டாட்டி அப்படிப்பட்டவ இல்லைன்னு சொல்லலையா?"

மாமா போர்வையின் ஓரத்தை இழுத்து விட்டுக்கொண்டார்.

"நீங்க வேற குடும்பம் வச்சிருக்கீங்கன்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன்," என்றாள் அத்தை. சத்தம் போடவில்லை. "பெத்த மகள்கிட்ட சொல்லல. கூடப் பொறந்தவன்கிட்ட சொல்லல. உங்க தட்டுல சோறு போடும்போது உங்ககிட்டயே சொல்லல. என்னையா ஓட்டவாய்னு நினைச்சீங்க?"

மாமாவின் முகம் வெளுத்தது. வேறு குடும்பம் என்ற வார்த்தை அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எழுந்திருக்கப் பார்த்தார், இடுப்பு விடவில்லை. அத்தையின் கையைப் பிடிக்கக் கையை நீட்டினார், எட்டவில்லை. அப்படியே படுத்தபடி குழந்தை மாதிரி அழுதார். எனக்கு அந்த மனிதர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. அத்தைக்குப் போகவில்லை. ஆனாலும் குனிந்து அவருடைய கண்ணைத் துடைத்துவிட்டாள். துடைத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"டாக்டரும் ஞாயித்துக்கிழமை வீட்டுல ஒண்ணும் சொல்லாமத்தானே கிளம்பி வருவார்?"

"ஆமா."

"சாகுற வரைக்கும்?"

"ஆமா. ஏன்?"

அத்தை சாவியை எடுத்துக்கொண்டாள். மாமாவுக்குப் புரிந்துவிட்டது.

"வேணாம். வாக்குக் கொடுத்திருக்கேன். செத்துப்போன மனுஷன்."

"நீங்க கொடுத்தீங்க. நான் கொடுக்கல."

டாக்டர் வீடு பெரிய வீடு, ஒரே ஒரு அறையில்தான் விளக்கு எரிந்தது. அவர் மனைவியே கதவைத் திறந்தார். மெலிந்துபோயிருந்தார். என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். அத்தை வாழ்க்கையில் முதல்தடவையாக அடுத்தவர் ரகசியத்தைச் சொல்ல வந்திருக்கிறாள், நாக்கு புரளவில்லை.

"நான் மெக்கானிக் வீட்டுக்காரி. உங்க வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை எங்க போவார்னு… அது விஷயமா வந்தேன்."

அந்த அம்மா வாசற்படியிலேயே கதவைப் பிடித்துக்கொண்டார். கோபப்படவில்லை. ரொம்ப நாளாக எதிர்பார்த்த ஆள் வந்துவிட்டது போல ஒரு பெருமூச்சு விட்டார்.

"எனக்குத் தெரியும்மா," என்றார். "அவர் போனப்பக்கூட நான் அவளுக்குச் சொல்லி அனுப்பல. பாவம், கடைசியா ஒரு தடவை முகத்தைப் பாத்திருப்பா. அது என் மனசை அறுத்துக்கிட்டே இருக்கு. இப்ப அவளுக்கு யார் துணை? குழந்தைங்க இருக்கா?"

அத்தை அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"செருப்பைப் போட்டுட்டு வாங்கம்மா," என்றாள். "ஏழெட்டுப் பேர் இருக்காங்க. ஒருத்திகூடப் பொம்பளை இல்ல."