வியாழக்கிழமைச் சன்னல்கள்

கிருபாவின் ஸ்கூட்டி காலனிக்குள் திரும்புவதற்கு முன்பே சன்னல்கள் அடைபட்டுவிடும். முக்கு டீக்கடை அய்யாதுரை போனில் சொல்லிவிடுவார்: "ஊதச் சொல்ற அக்கா வாராக."

பட்டாசுத் தொழில் நடக்கும் தாயில்பட்டிக்கு அருகே உள்ள அந்தக் காலனியில் வியாழன்தோறும் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் மூச்சைச் சோதிப்பது கிருபாவின் வேலை. கையில் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கும். அதில் ஊதினால் சிவப்பு முள் நகர்ந்து, மூச்சுக்கு எவ்வளவு பலம் இருக்கிறதென்று காட்டும். கிருபா ஆமத்தூரில் பிறந்தவர். தீப்பெட்டி ஒட்டிய தாயின் இருமலைக் கேட்டு வளர்ந்தவர். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்துவிட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். தியாகம் என்று அவர் போகும் சர்ச்சில் சிலர் சொன்னார்கள். இரவு டியூட்டி ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் அவர் சொன்னார். நம்பக்கூடிய காரணம்.

முதல் நாள் காலனியின் முதல் வீட்டுப் பொன்னுத்தங்கம் வாசலை மறித்து நின்றாள்.

"எங்கன இருந்து வாறீக?"

"ஆமத்தூர்."

"ஊரு கெடக்கட்டும். அனுப்புனது யாரு? கம்பெனியா, போலீஸா, சர்ச்சா?"

"தொண்டு நிறுவனம். புள்ளைக மூச்சு எப்படி இருக்குன்னு பாக்கணும்."

"பாக்குறதுக்குச் சம்பளமா? நல்ல உத்தியோகந்தான்."

பொன்னுத்தங்கத்தைக் குறை சொல்ல முடியாது. முந்தின சீசனில் கொசுமருந்து அடிக்க என்று இருவர் வந்து வீடு வீடாகப் பார்த்துப் போனார்கள். மறுவாரம் போலீஸ் ரெய்டு, இரண்டு பேரைப் பிடித்துப் போனார்கள். ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பு உண்டா என்று யாருக்கும் தெரியாது. தெரியாததுதான் நன்றாக வளர்கிறது.

பட்டாசுக்குப் பேப்பர் குழாய் சுருட்டுவதை அங்கே வாசலில் வைத்தே செய்வார்கள். அந்தக் குழாயில் வெடிமருந்து அடைப்பது லைசென்ஸ் உள்ள கம்பெனிக்குள் மட்டுமே நடக்க வேண்டியது. சில வீடுகளிலும் நடந்தது. நகக்கண்ணில் ஒட்டிய வெள்ளிநிற மருந்துத்தூளை கிருபா பார்ப்பார், கேட்கமாட்டார். கேட்காமல் இருந்ததும் அவர்களுக்குச் சந்தேகமாகவே பட்டது.

முத்துச்செல்வியின் ஆறு வயது மகள் கற்பகத்துக்குத்தான் எந்த இன்ஹேலரும் பலன் தரவில்லை. வாராவாரம் முள் பாதிக்குக்கூட ஏறாது. வாரத்துக்கு வாரம் மோசம். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப கிருபா எழுதிக்கொடுத்தார். முத்துச்செல்வி போகவில்லை. வீட்டில் என்ன வேலை என்று டாக்டர் கேட்பாரே.

ஒரு புதன்கிழமை வெம்பக்கோட்டைக்குப் பஸ்ஸில் காலனியைக் கடந்து போனபோது கிருபா அந்தப் பிள்ளையைப் பார்த்தார். ஆட்டுக்குட்டியை விரட்டிக்கொண்டு தெருவில் ஓடினாள். இரைப்பு இல்லை. பின்னால் எல்லா வீட்டிலும் சன்னல்கள் திறந்திருந்தன.

மறுநாள் அதே பிள்ளை கட்டிலில் விலா ஒட்ட ஒட்ட மூச்சு வாங்கினாள். கிருபா கட்டில் ஓரம் உட்கார்ந்து இன்ஹேலர் கொடுத்தார்.

"நேத்து நல்லாத்தான ஓடுனா?"

முத்துச்செல்வி மகளின் நெஞ்சைத் தடவிவிட்டாள். பிறகு வெடுக்கென்று சொன்னாள்.

"நீங்க வாறீகன்னுதான் கதவு சன்னல் எல்லாம் சாத்துறது. தூள் மூட்டையக் கட்டிலுக்கடியில தள்ளுறது. இவ வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டா, இவளயும் உள்ள போட்டு அடைக்கிறது. பொறகு எப்படி இருப்பா?"

தூள் பறக்கும் அடைத்த அறையில், கிருபாவின் வருகைக்காக, அந்தப் பிள்ளை காத்துக் கிடந்திருக்கிறது. கிருபா எழுந்தார்.

"இனி தெருவுக்குள்ள வரல. தண்ணி டேங்க்குக்குக் கீழ உக்காந்திருப்பேன், புள்ளைய அங்கன கொண்டாங்க. சன்னலத் தெறந்து வைங்க. அந்த மூட்டை மட்டும் வீட்டுக்குள்ள வேண்டாம்மா."

இது சரியா என்பது வேறு கேள்வி. வெடிமருந்துக்கு மேல் குழந்தை தூங்குவதை அறிந்த ஒருவர், அறியாதவர்போல் இருக்கச் சம்மதித்தார். ஒரு பொறி விழுந்தால் இந்தச் சம்மதத்துக்கு என்ன பெயர் வைப்பது? அதிகாரிகளிடம் சொல்லியிருந்தால் மூட்டை போயிருக்கும்; மறுவாரம் வேறு வீட்டில், இன்னும் இறுக்கமாக அடைத்த அறையில் இருந்திருக்கும். கிருபா இதைத் தத்துவமாக யோசித்ததாகத் தெரியவில்லை. டேங்க்குக்குக் கீழே நாற்காலியைத் தெருவுக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

அடுத்த வியாழன் வெகுநேரம் யாரும் வரவில்லை. கடைசியில் முத்துச்செல்வி மகளோடு வந்தாள். உட்காரவில்லை.

"அந்த செல்போன வண்டிக்குள்ள வச்சுட்டு வாங்க."

கிருபா வைத்துவிட்டு வந்தார். கற்பகம் ஊதினாள். முள் பாதியைத் தாண்டி நின்றது. தாயின் கண் முள்ளில் இல்லை. கிருபாவின் முகத்திலேயே இருந்தது.

"கட்டிலுக்கடியில இருந்தது?" என்று கிருபா மெதுவாகக் கேட்டார்.

"எங்க வீட்டுல கட்டிலே கெடையாதே, நர்சக்கா."

போன வாரம் உட்கார்ந்த கட்டில். கிருபா குழாயைத் துடைத்து மறுபடி பிள்ளையிடம் நீட்டினார்.