ஒற்றைச் சப்பாத்துடன் இரண்டு நாள்

எட்டு நாள் தனியாக மலையில் நடக்கப் போகிறேன் என்று சொன்னபோது என் கணவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். இருபத்தாறு வருட மணவாழ்க்கையில் எனக்காக அவர் அதைச் செய்தது அது மூன்றாவது முறையாக இருக்கலாம்.

"எங்கை?"

"சுவீடன். வடக்குப் பக்கம், நல்லா மேல."

"ஆரோட?"

"தனிய."

"அது விளங்குது. தனிய ஆரோட?"

ஒருவரோடும் இல்லை என்பதை அவருக்கு விளங்கப்படுத்த இரண்டு நாள் எடுத்தது. விளங்கிய பிறகு, "நடக்கிறதுக்கு ஈஸ்ட் ஹாமில ரோட்டு இல்லையோ?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஈஸ்ட் ஹாமில் நடந்தால் பத்து அடிக்கு ஒருவர் மறித்து, மகளுக்கு எங்கேயாவது கலியாணம் பேசியிருக்கிறீர்களா என்று கேட்பார்கள்.

நான் கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஆறு வரை சனம் வரும். தமிழ் பேசும் ஒருத்தி நிற்கிறாள் என்று தெரிந்ததும் மருந்துத் துண்டோடு சேர்த்து வாழ்க்கையையும் எடுத்து மேசையில் வைப்பார்கள். சீனி வருத்தம், பிரஷர், மருமகளின் சமையல். சனி ஞாயிறு வந்தால் கலியாணம், பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, அறுபதாம் பிறந்தநாள். அந்த வருடம் கோடைக்கான அழைப்பிதழ்கள் ஃபிரிட்ஜ் கதவில் இடம் போதாமல் மைக்ரோவேவ் வரை வந்துவிட்டன. அப்போதுதான் கணினியில் ஒரு படத்தைப் பார்த்தேன். மரமே இல்லாத மேட்டுநிலம், அதன் நடுவே ஒற்றையடிப்பாதை, தூரத்தில் கொஞ்சம் பனி. மனிதர் ஒருவரும் இல்லை. அந்தக் கடைசி விஷயம்தான் என்னை இழுத்தது. ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்காத எட்டு நாள். அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது.

பயிற்சி எடுக்காமல் போகக்கூடாது என்று எழுதியிருந்தார்கள். ஆகவே முதுகுப்பையில் பத்துக் கிலோ அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு தினமும் மாலையில் தெருத் தெருவாக நடந்தேன். மளிகைக்கடைக்காரர் ஓடிவந்து, "என்னக்கா, பஸ் ஓடேல்லையோ? நான் கடை வானில ஏத்திக்கொண்டுவந்து இறக்கிவிடுறன்" என்றார். மூன்றாம் நாளிலிருந்து சனம் வேறு விதமாகப் பார்த்தது. கோயிலில் ஒரு அம்மா என் கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்தி, "வீட்டில ஏதும் பிரச்சினையெண்டால் சொல்லும் பிள்ளை. எங்கட வீட்டில மேல ஒரு அறை சும்மாதான் கிடக்கு" என்றார். கணவரோடு கோபித்துக்கொண்டு அரிசியும் கையுமாக வெளியேறிவிட்டேன் என்று கதை பரவியிருந்தது. அரிசியை எடுத்துக்கொண்டு எந்தப் பெண் வெளியேறுவாள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

பாரத்தைக் குறைக்க நான் படாத பாடு பட்டேன். பல்தூரிகையின் கைப்பிடியைக் கூட வெட்டினேன். கணவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மலையில் முதல் நாள் கூடாரத்தை விரித்தபோதுதான் தெரிந்தது. பையின் அடியில், எங்கள் தெருப் புடவைக்கடையின் கெட்டியான பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஒரு கிலோ முறுக்கு. கோபத்தில் நாலு முறுக்குச் சாப்பிட்டேன்.

அந்த நிலத்தைப் பற்றி நான் கேட்டதெல்லாம் உண்மை. வானம் மிகப் பெரியது. சூரியன் அடிவானத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததே தவிர, மறையவில்லை. சதுப்பு நிலத்தின் மேல் பலகைகள் போட்டிருந்தார்கள். ஓடைத் தண்ணீரை அப்படியே அள்ளிக் குடிக்கலாம். நுளம்புகளைப் பற்றித்தான் ஒருவரும் போதிய அளவு சொல்லவில்லை. மனிதர் இல்லாத இடத்தில் அவை அத்தனை காலமும் எதைக் கடித்து உயிர் வாழ்ந்தன என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அமைதியும் இருந்தது, ஆனால் எனக்குள் இல்லை. மூன்றாம் நாள் ஒரு ஏற்றத்தில் நின்று மூச்சு வாங்கும்போது, நான் சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். நாத்தனாரோடு சண்டை. ஒன்பது வருடத்துக்கு முந்திய ஒரு பிறந்தநாள் விழாவில் அவர் என் சேலையைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தைக்கு, சுவீடனின் மலை உச்சியில் வைத்து, மிகச் சிறந்த பதில் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். கொஞ்சத் தூரத்தில் ஒரு துருவமான் நின்று முழுவதையும் கேட்டது. பிறகு நாத்தனார் பக்கம்தான் நியாயம் என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது.

நாலாம் நாள்தான் பிழை விட்டேன். காலையில் பனிப்புகார் மூடியிருந்தது. பாதையோரத்துக் கற்களில் பூசியிருந்த சிவப்பு அடையாளங்கள் தெரியவில்லை. ஆனால் உயரமான கம்பங்களில் சிவப்புப் பெருக்கல் குறிகள் அடித்து, தூரத்திலிருந்தே தெரியும்படி நட்டிருந்தார்கள். இவ்வளவு நல்ல மனிதர்களா என்று மெச்சிக்கொண்டு கம்பம் கம்பமாக நடந்தேன். ஒரு மணித்தியாலம் கழித்துப் புகார் விலகியது. நான் ஒரு ஏரியின் கரையில் நின்றேன். கம்பங்கள் தண்ணீருக்குள் இறங்கி நின்றுவிட்டன. ஏரியின் மறுகரையில், எனக்காகக் காத்திருப்பதுபோல, அடுத்த சிவப்புக் குறி தெரிந்தது.

அது குளிர்காலப் பாதை. ஏரி உறைந்த பிறகு பனியில் சறுக்கிப் போகிறவர்களுக்கானது.

திரும்பி நடந்திருக்க வேண்டும். ஆனால் வந்த வழியே திரும்புவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. ஏரியைச் சுற்றிப் போகலாம் என்று வெளிக்கிட்டேன். பாதித் தூரத்தில் ஏரிக்குள் வந்து விழும் ஆறு ஒன்று குறுக்கிட்டது. பாலம் இல்லை. அகலம் ஈஸ்ட் ஹாம் பிரதான வீதியளவு, ஆனால் போக்குவரத்து அதைவிட வேகம்.

இரண்டு மணி நேரம் அந்தக் கரையில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் உண்மையில் பயம் வந்தது. இங்கே நான் விழுந்தால் பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை. நான் விரும்பிப் பார்த்த படத்தில் இருந்தது இதுதான். கடைசியில் சப்பாத்துகளைக் கழற்றி, கயிற்றால் பையில் கட்டி, ஆற்றில் இறங்குவதற்கென்று கொண்டுவந்த மெல்லிய செருப்புகளைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். இடுப்புப் பட்டியைக் கழற்றிவிட்டேன், விழுந்தால் பை என்னை இழுக்கக்கூடாது. தண்ணீர் முழங்காலைத் தாண்டித் தொடைக்கு வந்தது. குளிரில் கால்கள் எனக்குச் சொந்தமில்லாதவைபோல ஆகின. ஊன்றுகோலை ஊன்றி, ஒரு அடி, பிறகு ஒரு அடி. நடு ஆற்றில் ஒரு கல் உருண்டது. ஒரு பக்கமாகச் சரிந்தேன், கோலைப் பிடித்து நிமிர்ந்தேன். நான் நின்றேன், இடது சப்பாத்து நிற்கவில்லை. அவிழ்ந்து விழுந்து, அவசரமே இல்லாமல், ஏரியை நோக்கி மிதந்து போனது.

மறுகரையில் ஏறி, நடுங்கிக்கொண்டே அழுதேன். அழுகை முடிந்ததும் முறுக்கைக் கூடாரப் பைக்குள் கொட்டினேன். இடது காலில் இரண்டு காலுறை, அதன்மேல் புடவைக்கடைப் பை, அதன்மேல் செருப்பு. வலது காலில் நல்ல மலைச் சப்பாத்து. மறுகரைக் கம்பங்களைப் பின்பற்றி, கற்களின் மேலாகவும் சேற்றுக்குள்ளாகவும், நொண்டி நொண்டி, இரண்டு நாள் நடந்தேன். பொன்னெழுத்தில் 'பட்டு' என்ற சொல் மட்டும் சேற்றுக்கு மேல் தெரிந்துகொண்டே வந்தது.

நடப்பவர்கள் தங்கும் மலைக்குடிசை ஒன்றைக் கவனித்துக்கொள்ளும் ஒரு வயதான சுவீடன் பெண் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். என் காலைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். "தேநீர் இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மறுபடியும் கோடரியை ஓங்கினார்.

அவ்வளவுதான். எந்த ஊர் என்று கேட்கவில்லை. கணவர் எங்கே என்று கேட்கவில்லை. ஏன் காலில் புடவைக்கடை என்றுகூடக் கேட்கவில்லை. இதற்காகத்தானே இத்தனை தூரம் வந்தேன்? தேநீர்க் கோப்பையோடு படியில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம்கூட என்னால் தாங்க முடியவில்லை. நானாகவே தொடங்கினேன். புகார், கம்பங்கள், ஏரி, ஆறு, சப்பாத்து. அதற்கு முன் நடந்தவை, அரிசி மூட்டை, கோயில் அம்மா, நாத்தனார். மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் ஏன் அப்படிப் பேசுகிறார்கள் என்பது எனக்கு அந்தப் படியில்தான் விளங்கியது. நான் முடித்தபோது ஒரு குவியல் விறகு பிளந்து முடிந்திருந்தது.

"ஆமாம்," என்றார் அவர். "குளிர்காலப் பாதை."

பிறகு உள்ளே போய் ஒரு மரப்பெட்டியை இழுத்து வந்தார். விட்டுப்போன பொருட்கள். அதில் மூன்று சப்பாத்துகள் இருந்தன, மூன்றும் ஒற்றை. ஒன்று இடது கால், ஆண்களுடையது, எனக்கு இரண்டு அளவு பெரியது. மூன்று காலுறையோடு பொருந்தியது. நன்றி சொல்லி முறுக்கு நீட்டினேன். ஒன்றை எடுத்துக் கடித்து, வெகுநேரம் மென்றார். "இது ரொட்டியா?" என்றார். அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

மிச்சத் தூரத்தை நடந்து முடித்து விமானம் ஏறினேன். லண்டன் விமான நிலையத்தில் கணவர் தள்ளுவண்டியோடு நின்றார். என் கால்களில் சிவப்புச் சப்பாத்து ஒன்று, கறுப்புச் சப்பாத்து ஒன்று. அவர் நெடுநேரம் குனிந்து பார்த்தார்.

"மற்றது எங்கை?"

"ஆறு கொண்டு போட்டுது."

அவர் முகம் மாறியது. "ஆத்துக்குள்ள இறங்கினனீரோ?"

"ஓம்."

பையை என் முதுகிலிருந்து இறக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். தள்ளுவண்டியை வெறுமையாகவே தள்ளிக்கொண்டு வந்தார். கார் வரைக்கும் என் முழங்கையை விடவில்லை. காருக்குள் ஏறியதும், "முறுக்குப் போதுமாய் இருந்ததோ?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு ஒரு கலியாண வீட்டில் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். எத்தனை கிலோ குறைந்தது, சாப்பாட்டுக்கு என்ன செய்தேன், அங்கே தமிழ்ச்சனம் இருக்கிறதா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கேட்காதவற்றுக்கும் சொன்னேன். நாத்தனார் கண் கலங்க, என் கையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மலையில் கண்டுபிடித்த அந்தச் சிறந்த பதிலை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.

"உமக்கு என்ன துணிவப்பா," என்றார் அவர். "அடுத்த முறை தனியப் போக விடமாட்டம். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வாறம். ஒரு வான் பிடிப்பம்."

அந்த மலையில் வானோ வேறு வாகனமோ போகாது என்று சொன்னேன்.

"போற இடம் வரைக்கும் போகட்டுமன்," என்றார். "மிச்சத்துக்கு நீர் முன்னுக்குப் போய்ப் பாதையைக் காட்டும்."