சந்துச் சத்தம்

ரொட்டித் தாத்தாவுக்குப் பகலில் கண் அயர வேண்டுமானால் பக்கத்தில் யாராவது சண்டை போட வேண்டும். பெரியவர்கள் சண்டையல்ல, அது எல்லோரையும் போல அவருக்கும் தலைவலிதான். "கோல்!", "கோலே இல்ல!", "நீ அழுகுணி, போடா!" என்று பிள்ளைகள் தொண்டை கிழியப் போடுகிற சண்டை.

பழக்கம் அப்படி. கல்யாணமான புதிதிலிருந்து ஓய்வு பெறும்வரை பேக்கரியில் அவருக்கு இரவு வேலை. ஊரெல்லாம் தூங்கும்போது மாவு பிசைந்து, ரொட்டி சுட்டு அடுக்கிவிட்டு, விடிந்ததும் புருவமெல்லாம் மாவோடு வீடு திரும்புவார். ஒரு சந்தின் ஓரம் அவர் வீடு. படுக்கையறை ஜன்னலுக்குக் கீழேதான் தெருப் பிள்ளைகள் பந்து உதைப்பார்கள். ஆரம்பத்தில் ஒரு நாள் அவர் மனைவி துடைப்பத்தோடு இறங்கிப்போய், "உள்ளே மனுஷன் தூங்கறார், உங்களுக்கு வேற இடமே கிடைக்கலையா?" என்று விரட்டிவிட்டு வந்தாள். சந்து ஓய்ந்தது. அவருக்குப் பட்டென்று விழிப்புத் தட்டிவிட்டது.

"எங்கே எல்லாரும்?"

"விரட்டிட்டேன். நீங்க நிம்மதியா தூங்குங்க."

"அட, யார் ஜெயிச்சாங்கன்னு தெரியறதுக்குள்ள விரட்டிட்டியே!"

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தை மூலையில் சாத்தினாள். அதன்பின் பிள்ளைகள் பக்கம் அவள் போகவில்லை. சாயங்காலம் அவருக்குச் சாப்பாடு போடும்போது, அன்று யார் ஜெயித்தார்கள், யார் முட்டியைப் பெயர்த்துக்கொண்டான் என்பதையும் சேர்த்தே பரிமாறினாள்.

அந்தப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேரின் முகம் அவருக்குத் தெரியாது. குரல் தெரியும். கோல் விழுந்த பிறகு "நான் ரெடியே இல்ல, நான் ரெடியே இல்ல!" என்று கத்துகிற ஒருவன் இருந்தான். பல வருடங்கள் கழித்து பேக்கரி வண்டிக்கு ஒரு புது டிரைவர் வந்தார், மீசையும் தொப்பையுமாக. ரொட்டித் தட்டை நீட்டியதும் அவர், "இருங்க, நான் ரெடியே இல்ல!" என்றார். தாத்தா தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"டேய், நீ எங்க சந்துப் பையன்தானே?"

"எப்படி மாமா தெரியும்? நான் உங்களைப் பார்த்ததே இல்லையே!"

"நான் மட்டும் உன்னைப் பார்த்தேனாக்கும்?"

அன்று வண்டி தாமதமாகத்தான் கிளம்பியது. முதலாளி திட்டினார். இருவரும் காதில் வாங்கவில்லை.

மனைவி போன பிறகு தாத்தா மகள் வீட்டோடு வந்துவிட்டார். மூன்றாவது மாடி. கீழே கட்டடங்களுக்கு நடுவே ஒரு முற்றம். அங்கேயும் பிள்ளைகள் இருந்தார்கள். அவருடைய பேத்தியும் அதில் ஒருத்தி. அவள்தான் கோல்கீப்பர். பந்து அந்தக் கோடியில் இருக்கும்போது இவள் இந்தக் கோடியில் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருப்பாள். பந்து உள்ளே போனால், போட்டவனோடு சேர்ந்து தானும் குதிப்பாள். ஜன்னலில் நின்று கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு போய்ப் படுப்பார். கீழே ஒரு சண்டை மூளும். தூக்கம் வந்துவிடும்.

ஒரு நாள் முற்றத்தில் பலகை மாட்டினார்கள். 'பெரியவர்கள் ஓய்வு நேரம். மதியம் விளையாடக் கூடாது.' அன்று மதியம் தாத்தா இந்தப் பக்கம் புரண்டார், அந்தப் பக்கம் புரண்டார். மின்விசிறிச் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. வெறுத்துப்போய் எழுந்து கூடத்துக்கு வந்தால், பேத்தி பந்தைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.

"தாத்தா, நீங்க தூங்கறதுக்காகத்தான் எங்களை விளையாட வேண்டாங்கறாங்க. கொஞ்சம் சீக்கிரம் தூங்கி எழுந்துடறீங்களா?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு நேராகக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"பலகை எனக்காகன்னு சொன்னாங்க. எனக்கு வேண்டாம். கழட்டிடுங்க."

செயலாளர் நல்ல மனிதர்தான். "ஐயா, உங்களுக்கு வேண்டாம், சரி. எதிர்க் கட்டடத்து முதல் மாடி அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அவங்கதான் புகார் சொன்னாங்க" என்றார்.

தாத்தாவுக்குச் சுருதி இறங்கிவிட்டது. உடம்பு முடியாதவரிடம் போய் எந்த வாயால் கேட்பது? படிக்கட்டில் ஏறுவதா இறங்குவதா என்று நின்றார். பிறகு துணிந்து முதல் மாடிக் கதவைத் தட்டினார். அந்த அம்மாள் நாற்காலியில் சாய்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தார்.

"சத்தமா? சத்தத்தை நான் எங்கே சொன்னேன்? காதுல மாட்டற மிஷினைக் கழட்டி வச்சா எனக்கு இடி விழுந்தாலும் கேக்காது. ஜன்னல் கண்ணாடியில பந்து வந்து படக்குனு விழுது, அப்பத்தான் உசிரே போயிடுது. அதைத்தான் சொன்னேன்."

"அப்போ கோலை வேற பக்கம் மாத்திட்டா?"

"எங்கே வேணா மாத்திக்கோங்க. என் ஜன்னலை விட்டாச் சரி."

மறுநாள் பேத்தியும் கூட்டாளிகளும் சாக்கட்டியோடு இறங்கி, முற்றத்தின் மறுபக்கச் சுவரில் கோல் வரைந்தார்கள். கோடு கோணல்மாணலாக இருந்தது. ஒரு கம்பம் மற்றதைவிடக் குட்டை. எந்தச் சுவர் என்பதைத் தாத்தாதான் காட்டினார். நேர் மேலே அவருடைய அறை ஜன்னல். செயலாளர் வந்து பார்த்து, தாடையைச் சொறிந்துவிட்டு, பலகையைத் தானே கழற்றிக்கொண்டு போனார்.

அன்று தாத்தா கட்டை மாதிரி தூங்கினார். விழித்தபோது ஒரு கணம் எந்த வீட்டில் படுத்திருக்கிறோம் என்று புரியவில்லை. மூக்கில் வெந்த மாவின் வாசனை இருந்தது. சமையலறைப் பக்கம் யாரோ பாத்திரம் உருட்டினார்கள். 'அவள்தான்' என்று ஒரு நொடி நினைத்தே விட்டார். பிறகு எதிரே அலமாரி தெரிந்தது, மகள் வீடு தெரிந்தது. அவர் கண்ணை மறுபடி மூடிக்கொண்டார். எழுந்திருக்க மனம் வரவில்லை.

மகள் டீயோடு வந்தாள். வேலையிலிருந்து வந்த களைப்பு முகத்தில் அப்படியே இருந்தது. டம்ளரை வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, என் பொண்ணு கீழே அப்பட்டமா ஏமாத்தறா. கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. நீயும் அந்த வயசுல லேசுப்பட்டவளா? கொஞ்சம் பேசாம இரு, ஆட்டம் இன்னும் முடியலை."

அவள் சிரித்துக்கொண்டே காலை மடக்கிச் சுவரில் சாய்ந்தாள். டீ ஆடை படிந்து ஆறிக்கொண்டிருந்தது. இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.