ஆண்டு மலரும் நின்று நின்று போன கம்ப்யூட்டரும்

திசையன்விளையில் மோட்டார் காயில் கட்டுகிறவன் நான். கம்ப்யூட்டர் எனக்குப் படிப்பில் வந்ததில்லை. ஆனால் ஒரு பொருள் ஓடாவிட்டால், ஏன் ஓடவில்லை என்று தெரியும்வரை எனக்குச் சோறு இறங்காது. அந்தக் கோடை லீவில் பிள்ளைகள் நீங்கள் இரண்டு பேரும் அத்தை வீட்டில் இருந்தீர்கள். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

உங்கள் அம்மா பாகம் பாகமாக வாங்கி, பாயை விரித்து உட்கார்ந்து, தானே பூட்டிய கம்ப்யூட்டர் அது. அதில் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலர். பிள்ளைகள் கையால் எழுதியதை டைப் செய்து பக்கங்களாக அடுக்கித் தரவேண்டும். வெள்ளிக்கிழமை கெடு. தவறினால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். பிறகு அவளை யார் கூப்பிடுவார்கள்?

அந்த வாரம் பார்த்துக் கம்ப்யூட்டர் நிற்க ஆரம்பித்தது. அணைந்து போகாது. எழுத்தெல்லாம் திரையில் அப்படியே இருக்கும். மவுஸை எப்படித் தள்ளினாலும் அம்புக்குறி அசையாது. அணைத்துப் போட்டால் அடித்ததில் பாதி இருக்காது.

"யானையப் பத்தி ஒரு பிள்ள எழுதின கட்டுரைய மூணாந்தடவையா அடிக்கேன். எனக்கே மனப்பாடம் ஆயிட்டு" என்றாள்.

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து தூசி ஊதினேன். ராம் என்கிற நினைவகப் பட்டையை எடுத்து அழிரப்பரால் தேய்த்துப் போட்டேன். மின்விசிறி சுற்றியது, சூடும் இல்லை. மறுபடியும் நின்றது.

"பெட்டியத் தொட்டா கையில சுரீர்ங்குது" என்றாள் அம்மா.

நான் கையை வைத்துப் பார்த்தேன். "எனக்கு ஒண்ணும் தெரியலயே. உனக்குப் பயம்."

"பயமா? இதப் பூட்டினதே நான்தான்!"

செவ்வாய்க்கிழமை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போனேன். பாகங்கள் வாங்கிய கடைக்காரர் சாயந்தரம்வரை ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"அண்ணாச்சி, மிஷின்ல ஒண்ணும் இல்ல. உங்க வீட்டுக் கரண்ட்டப் பாருங்க."

"என் வீட்டுக் கரண்ட்டா? நானே கரண்ட்டு வேலைக்காரன்வே!"

"அப்பம் ரொம்ப வசதியாப் போச்சு" என்று சிரித்தார்.

புதன்கிழமை காலையில் போட்டு அரைமணி நேரத்தில் நின்றுவிட்டது. அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பி, புறங்கையைப் பெட்டியில் வைத்தாள். சுரீர் என்றது.

"இப்ப சொல்லுங்க" என்றாள்.

இத்தனை வருடம் கம்பி சுற்றியதில் என் உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. அவள் சொன்னதை நான் அப்போதே நம்பியிருக்க வேண்டும்.

பிளக் பாயின்ட்டின் மூன்றாவது துளையிலிருந்து ஒரு கம்பி வீட்டுக்குப் பின்னால் எர்த் குழிக்குப் போகும். பெட்டியில் கசிகிற கரண்ட் அதன் வழியாக ஈர மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும். இறங்குகிறதா என்று பல்பை வைத்துச் சோதித்தேன். (நீங்கள் இதைச் செய்யவே கூடாது.) பளிச்சென்று எரியவேண்டிய பல்பு மின்மினி போல மினுங்கியது.

"எர்த்து செத்துப் போச்சு. குழி காஞ்சிருக்கு" என்றேன்.

"அங்கனதான பாத்திரம் கழுவுத தண்ணி போகும்? எப்படிக் காயும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாசி மாதம் அந்தத் தண்ணீரைக் குழாய் போட்டு வாழைக்குத் திருப்பிவிட்டது நான்தான். வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் கூட்டிப்போய்க் குழாயைப் பெருமையாகக் காட்டியிருந்தேன். வாழை தளதளவென்று நின்றது. செம்மண் பூமி, குழி ஓடாகக் காய்ந்துவிட்டது.

"உங்க வாழை குடிச்சது என் கட்டுரையத்தானா!" அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

குழியில் கல்லுப்பைப் போட்டோம். அவள் மூன்று குடம் ஊற்றிவிட்டுத் தள்ளி நிற்பாள். நான் உள்ளே பல்பைப் பார்ப்பேன்.

"இப்ப?"

"கொஞ்சம் தேவல."

"இப்ப?"

"இன்னும் ஊத்து, பைய ஊத்து."

ஒன்பதாவது குடத்துக்குப் பிறகு பல்பு நிறைந்து எரிந்தது. புறங்கையை வைத்தேன். பெட்டி சும்மா இருந்தது. கரண்ட் போக வழியில்லாவிட்டால் கம்ப்யூட்டர் ஏன் திணறுகிறது என்று படித்தவர்கள் விளக்கமாகச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது, அன்று மாலைவரை அது நிற்கவில்லை, மறுநாளும் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மலர் முழுவதையும் பென்டிரைவில் போட்டு, என் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, அம்மாவே கொண்டுபோய்க் கொடுத்தாள். அடுத்த மலரும் அவளுக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

குழாயைக் கழற்றிவிட்டேன். வாழைக்கு இப்போது நான்தான் குடத்தில் சுமந்து ஊற்றுகிறேன். யானைக் கட்டுரை வேண்டுமானால் அம்மாவைக் கேளுங்கள், பார்க்காமலே சொல்வாள்.