சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது

போன மாதம் ஒரு சாயங்காலம், எரிந்துகொண்டிருந்த ஓர் அடுப்பை என் கையாலேயே அணைத்தேன். சின்ன சிலிண்டர் அடுப்பு. மேலே ஓர் அலுமினியப் பாத்திரம். ஊருக்குப் போக முடியாத ஒரு மகன், செத்துப்போன தன் அம்மாவுக்குச் செய்ய முடிந்த ஒரே காரியம் அதில்தான் கொதித்துக்கொண்டிருந்தது.

அது எனக்கு அப்போது தெரியாது. தெரியாது என்றால்... கேட்கவில்லை.

ஓசூரில் சிப்காட் பக்கம் எங்களுக்கு ஒரு லைன் வீடு இருப்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் ஃபேக்டரியிலிருந்து ரிடையர் ஆனதும் கட்டியது. முன்பு திண்டுக்கல், மதுரைப் பக்கத்துப் பையன்கள் குடியிருந்தார்கள். இப்போது ஒரிசா, பீகார், அஸ்ஸாம். காலையில் குழாயடியில் நின்றால் தமிழும் கன்னடமும் தெலுங்கும் இந்தியும் ஒரே வாளியில் நிறையும்.

கடைசி ரூமில் இருப்பவன் சுசாந்த். ஒரிசாக்காரன். பெயின்ட் ஷாப்பில் கான்ட்ராக்ட் வேலை. தமிழ் அரைகுறைதான், அதிர்ந்து பேசமாட்டான். வாசலில் துளசித் தொட்டி வைத்து விளக்கு ஏற்றுவான். அதனால் எனக்கு அவன்மேல் தனிப் பிரியம். "நம்ம சாமி கும்பிடற பையன்" என்று தெருவில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அவன் அம்மா ஊரில் இறந்துபோனாள்.

செய்தி வந்தபோது அவன் ஷிஃப்டில் இருந்தான். ரயில் ஏறினால் போய்ச் சேரவே இரண்டு நாள் ஆகும். அதுவரை உடம்பை வைத்திருக்க மாட்டார்கள். போனால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று கான்ட்ராக்டரும் சொல்லிவிட்டார். தம்பி கொள்ளி வைத்ததை சுசாந்த் மொபைலில் பார்த்தான். எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து – அங்கேதான் சிக்னல் நன்றாக வரும்.

பெற்றவள் அங்கே எரிகிறாள். மூத்த மகன் இங்கே படியில் உட்கார்ந்திருக்கிறான். பார்க்கிறவர்களுக்கு மனசு பதறாதா?

எனக்குப் பதறியது. ஸ்டெல்லாவுக்கும் பதறியது.

ஸ்டெல்லா பர்கூர் பக்கத்துப் பெண். சோஷியல் ஒர்க் படிக்கிறாள். வெளிமாநிலத் தொழிலாளர்களைப் பார்க்கிற ஒரு தொண்டு நிறுவனத்தில் ஃபீல்டு ஒர்க். வாரத்தில் இரண்டு நாள் எங்கள் லைனுக்கு வருவாள். தோள்பை நிறைய புத்தகம். எல்லாம் அமெரிக்காவிலும் லண்டனிலும் எழுதினதாம். என்னை ஆண்ட்டி, ஆண்ட்டி என்று சுற்றிச் சுற்றி வருவாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் இருக்கமாட்டாள். எனக்கு அதுவும் பிடிக்கும். சாமி பயம் உள்ள பிள்ளை.

சுசாந்தைப் பார்த்துவிட்டு வந்தவள் முகம் வாடியிருந்தது.

"ஆண்ட்டி, அவரு ஒரு வேளைதான் சாப்பிடறாரு. வெறுந்தரையில படுக்கறாரு. ஷேவ் பண்ணல. செருப்புகூடப் போடல. எனக்குப் பயமா இருக்கு."

"ஏதாச்சும் பண்ணிக்குவானா?"

"அப்படிச் சொல்லல... ஆனா இதெல்லாம் டிப்ரஷனோட அறிகுறின்னு படிச்சிருக்கோம். தனியா விடாதீங்க. எப்படியாச்சும் சாப்பிட வைங்க."

சாப்பிட வைப்பதா? அதை எனக்குச் சொல்லித்தர வேண்டுமா?

அன்று சாயங்காலமே சின்ன வெங்காய சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், சுடச்சுடச் சோறு எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். கூட இருக்கிற பையன்கள் ஷிஃப்டுக்குப் போயிருந்தார்கள். அவன் மட்டும் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ராயக்கோட்டையில் நான் பிறந்து வளர்ந்த தெருவில், சாவு விழுந்த வீட்டில் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள். சம்பந்தி வீட்டாரும் பக்கத்து வீட்டுக்காரர்களும்தான் சோறு கொண்டுவந்து கொடுப்பார்கள். இந்தப் பிள்ளைக்குச் சோறு கொண்டுவர யார் இருக்கிறார்கள்? துக்கத்தில் தானே பொங்கித் தின்கிற கதி வந்துவிட்டதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"தம்பி, சாவு வூட்ல அடுப்பு எரியக் கூடாதுப்பா."

"வேணா ஆண்ட்டி. நான் பண்றான். வேணா."

"இன்னாத்துக்கு வேணாங்கறே? நான் இருக்கறப்ப நீ எதுக்குப் பொங்கணும்?"

குனிந்து அடுப்பை அணைத்தேன். பாத்திரத்தை நகர்த்தி வைத்தேன். அவன் இரண்டு கைகளையும் கூப்பினான். அதை நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

தட்டில் சோற்றைப் போட்டேன். தொடவில்லை. அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"உங்கம்மா குடுத்தா வேணான்னு சொல்லுவியா?"

கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தான். பிறகு சாப்பிட்டான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்டச் சாப்பிட்டான். நானும் அழுதேன். அழுதால் பாரம் இறங்கும் என்று முதுகைத் தடவிக்கொடுத்தேன். ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டுச் சொன்னபோது, "சூப்பர் ஆண்ட்டி, நீங்கதான் உண்மையான சோஷியல் ஒர்க்கர்" என்றாள். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் தினமும் சோறு போயிற்று. தினமும் சாப்பிட்டான்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தென்பெண்ணை ஆற்றங்கரைக்குப் போய் மொட்டை போட்டுக் குளிப்பதாகப் பையன்கள் முன்பே பேசிவைத்திருந்தார்கள். ஆட்டோகூட வந்துவிட்டது. சுசாந்த் வரவில்லை என்று சொல்லிவிட்டான். அவன் ரூமிலேயே இருக்கிற மனோஜ் ஏழெட்டு வருஷமாக ஓசூரில் இருப்பவன், நன்றாகத் தமிழ் பேசுவான். அவனிடம் கேட்டேன்.

"ஏம்ப்பா, மொட்டை போடலையா அவன்?"

மனோஜ் தயங்கினான். "விடுங்க ஆண்ட்டி."

"சொல்லுப்பா."

"எங்க ஊர்ல அம்மா போனா, பெரிய பையன் பத்து நாள் தானே பொங்கித் திங்கணும் ஆண்ட்டி. பச்சரிசியும் பருப்பும் மட்டும். மஞ்சள் கூடாது, எண்ணெய் கூடாது, வெங்காயம் தொடக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு வேளை. ஊருக்குப் போக முடியல, இதையாச்சும் சரியா பண்றேன்னு இருந்தான். நடுவுல உடைஞ்சிடுச்சு. இனி நான் மொட்டை போட்டு இன்னா ஆகப்போகுது, தம்பி பண்ணுவான், அவன் பண்ணாப் போதுங்கறான்."

உடைந்துவிட்டதாம். உடைத்தது யார் என்று அவன் சொல்லவில்லை. அவ்வளவு மரியாதை.

ஸ்டெல்லா வந்ததும் சொன்னேன். தோள்பையை இறக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றாள்.

"எங்களுக்கு இதுக்குன்னே ஒரு பேப்பர் இருக்கு ஆண்ட்டி. எந்த நாட்டுக்காரங்களா இருந்தாலும் அவங்க நம்பிக்கை என்னன்னு முதல்ல கேளுன்னுதான் சொல்லிக் குடுத்தாங்க. பரீட்சையில ஆப்பிரிக்கா, அரபு நாடுன்னு உதாரணமெல்லாம் எழுதினேன். ஒரிசா ஞாபகம் வரல."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே கண்ணு?"

"பயமா இருந்துச்சு ஆண்ட்டி. நான் கிறிஸ்டியன். சாமியைப் பத்திக் கேட்டா தப்பா எடுத்துக்குவாரோன்னு அந்தப் பேச்சே எடுக்கல."

அவள் பயந்து கேட்கவில்லை. நான் தெரியும் என்று நினைத்துக் கேட்கவில்லை. ஒரே துளசி, ஒரே விளக்கு... அப்புறம் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். வேறு மதத்துப் பையனாக இருந்திருந்தால் ஒருவேளை, "உங்க பக்கம் எப்படிப்பா?" என்று கேட்டிருப்பேனோ என்னவோ. நம்ம ஆள் என்று நினைத்தேனே, அதுதான் அவனுக்கு வினையாகிவிட்டது.

அவளுக்கு லண்டன் புத்தகம் இருந்தது. எனக்கு ராயக்கோட்டை வழக்கம் இருந்தது. இரண்டும் நல்லவைதான். இரண்டும் அந்தப் பையனை ஒரு வார்த்தை பேச விடவில்லை.

"அவனாச்சும் வாயைத் திறந்து கண்டிப்பா வேணாம்னு சொல்லியிருக்கலாமில்ல?" என்று வீட்டுக்காரரிடம் புலம்பினேன்.

அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஏம்மே, ஹவுஸ் ஓனர் வூட்டம்மா சோத்தோட வந்து நின்னா எவன் வேணான்னுவான்? அவனுக்கு ரூம் வேணுமா இல்லையா?"

இதை நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. அம்மா மாதிரி போனேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு நான் அம்மாவாகத் தெரிந்தேனா, வாடகை வாங்குகிறவளாகத் தெரிந்தேனா... சாமிக்குத்தான் தெரியும்.

சுசாந்திடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல ஆண்ட்டி" என்றான். சிரித்தான்கூட. ஆனால் அந்தப் பத்து நாள் திரும்பி வருமா? ஒரு தாய்க்கு ஒரு தடவைதானே பத்தாம் நாள்?

மனசு கேட்கவில்லை. இந்தப் பிரதோஷத்துக்கு மலைக்கோயிலுக்குப் போனேன். அந்த அம்மாவுக்காக ஒரு மோட்ச தீபமாவது ஏற்றலாம் என்று நெய்யும் அகலும் எடுத்துக்கொண்டு போனேன்.

"யாருக்கும்மா?" என்றார் குருக்கள்.

"எங்க லைன் வூட்ல இருக்கற பையனோட அம்மாவுக்கு சாமி."

"அவங்க பேர் சொல்லுங்கோ."

அகலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசை நின்றது. ஓரமாக வந்து ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். அந்த அம்மா பேர் என்ன என்று கேட்டேன்.

"ஆண்ட்டி... நானும் கேட்கலையே."

பத்து நாளும் துக்கம் விசாரித்திருக்கிறோம் – செத்தவளின் பேர்கூடத் தெரியாமல்.